ஆளுக்கு ஒன்பது குடம்

தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒரு சின்ன நகராட்சியில் பொதுப்பிரிவு உதவியாளராக இருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம், தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். 2022 தேர்தலில் ஜெயித்து வந்த தலைவர் அம்மாவுக்கு ஒரு ஆசை. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் கூப்பிட்டு, இதைச் செய்தோம், இதைச் செய்யப் போகிறோம் என்று நேரில் நின்று சொல்ல வேண்டும். பகுதி சபை நடத்தத்தான் எங்களுக்கு உத்தரவு உண்டு, அது வார்டுக்குள் பகுதி பகுதியாக நடப்பது. இது அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்டது.

தேதி குறிக்கவே பெரிய பாடு. 2023 மார்ச் கடைசி என்றதும் வருவாய்ப் பிரிவு எழுந்து நின்றுவிட்டது, வரி வசூல் முடிக்கிற மாதத்தில் ஆளை எங்கே தருவது என்று. ஏப்ரல் முதல் வாரம் என்றால் பங்குனி உத்திரம். அன்றைக்கு இந்தச் சீமையில் ஊரில் யார் இருப்பார்கள், பாதிப் பேர் அரிசி பருப்போடு சாஸ்தா கோயிலுக்கு வேன் ஏறியிருப்பார்கள். அப்புறம் சித்திரை பிறந்தால் கல்யாணம், மண்டபம் கிடைக்காது. கடைசியில் ஏப்ரல் 30க்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதையும் மேடையிலேயே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டு, முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தோம்.

ஆலோசனைக் கூட்டம் மூன்று நடந்தது. எந்த கவுன்சிலர் எந்த நாற்காலி, சால்வை எத்தனை, வருகிறவர்களுக்குச் சுண்டலா பிஸ்கட்டா, மைக்செட்டுக்கு யாரைச் சொல்வது, இதில்தான் மூன்றும் போயிற்று. மேடையில் என்ன பேசுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேலாளர் மட்டும் எழுந்து போகும்போது, "வே, உமக்குத்தான் எழுத்து வரும், நீரே எழுதிரும்" என்றார்.

எழுதினேன். பொறியியல், சுகாதாரம், வருவாய் என்று ஒவ்வொரு பிரிவிலும் தாள் வாங்கி ஒட்டினேன், 14 பக்கம். இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. வழங்கப்பட்டு வருகிறது, பரிசீலனையில் உள்ளது, ஆவன செய்யப்படும். யார் செய்வார்கள், என்றைக்குச் செய்வார்கள் என்று ஒரு வரியிலும் இல்லை. கோப்பில் அந்தத் தமிழுக்கு ஒரு பலன் உண்டு, எழுதியவனை யாரும் பிடிக்க முடியாது. அதையே ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குடிநீர்ப் பகுதியில், பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அளவு, அதை எட்டும் வகையில் நம் நகராட்சி செயல்பட்டு வருகிறது என்று எழுதிவைத்திருந்தேன். எங்கள் ஊரில் பாதாள சாக்கடையே கிடையாது, இருந்தாலும் பெரிய எண்ணாக இருக்கட்டுமே என்று போட்டது. தலைவர் அம்மா அதை வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு ஆச்சி எழுந்தார்.

"ஏம்மா, குடம் 15 லிட்டர் பிடிக்குமா?"

பிடிக்கும் என்றார் தலைவர்.

"அப்பம் ஆளுக்கு ஒம்பது குடம். எங்க வீட்ல அஞ்சு பேரு, 45 குடம். எனக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆறு குடம் வருது. மிச்சம் யார் வீட்டுக்குப் போவுது?"

கூட்டம் சிரித்தது. தலைவர் பக்கத்தில் இருந்த பொறியாளரைப் பார்த்தார், அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் தெரியும். ஆற்றுக்குள் இருந்த உறைகிணறு, மோட்டார் அறை எல்லாம் வெள்ளத்துக்குள் போய்விட்டது, ஊரே வெள்ளக்காடு, குடிக்கத் தண்ணீர் மட்டும் இல்லை, லாரியில் கொண்டுபோய் ஊற்றினோம். 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல், நடத்தை விதி வந்துவிட்டதால் இந்தக் கூட்டத்தை நடத்த முடியவில்லை. நெல்லையப்பர் ஆனித் தேரும் முடிந்து ஜூலையில்தான் இரண்டாவது கூட்டம்.

இந்தத் தடவை நான் முதலில் போனது பொறியாளரிடம் இல்லை, வால்வு திறக்கிற அண்ணாச்சியிடம். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். அவர் நோட்டு எதுவும் வைத்திருக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். தொட்டி நிறைய எத்தனை மணி நேரம், பள்ளத்துத் தெருக்களை அடைத்தால்தான் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறும், யார் யார் குழாயில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறார்கள் (பேரோடு சொன்னார், அதில் ஒருவர் மேடையில் நாற்காலி உள்ளவர்). மேட்டுத்தெருவுக்கு எப்போது என்று கேட்டேன். "ஒன்னுவிட்டு ஒரு நாள், காலம்பற அஞ்சரை. கரண்டு இருந்தா" என்றார். கரண்டு இருந்தால் என்பதையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

உரை இரண்டரைப் பக்கம் வந்தது. தெருப் பேர், கிழமை, மணி. மழையில் என்னென்ன போயிற்று, எது சரியாயிற்று, எது இன்னும் இல்லை. போர்க்கால அடிப்படையில் என்று பொறியாளர் ஒரு இடத்தில் சேர்த்துக் கொடுத்ததைத் தலைவர் அம்மாவே அடித்துவிட்டார். மணியைச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று மேலாளர் கடைசி வரை முனகினார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, மோட்டார் எப்போது மக்கர் பண்ணும் என்று யாருக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. அது வரைக்கும் தண்ணீர் வரவில்லை என்று போன் வரும், தண்ணீர் லேட் என்று ஒரு போன்கூட வந்தது கிடையாது. எடுத்தேன்.

"அண்ணாச்சி, மேட்டுத்தெருவுல இருந்து பேசுதேன். அஞ்சரைன்னு சொன்னிய, இன்னும் காத்துதான் வருது."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.