நாகர்கோவில் தொகுதிக் கணக்கு

நாகர்கோவில் மக்களவைத் தொகுதியின் பழைய வாக்குக் கணக்கை இப்போதைய கன்னியாகுமரித் தொகுதியோடு நேரடியாக ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2004 வரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி கன்னியாகுமரி என்று ஆனது; அதில் இருந்த திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி மறைந்தது, கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி உள்ளே வந்தது. ஆகவே 2004ஐயும் 2009ஐயும் பக்கத்தில் வைத்து ‘இத்தனை சதவீதம் கூடியது’ என்றால் கணக்கு உதைக்கும். இரண்டிலும் இருக்கும் சட்டமன்றத் தொகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கணும்.

1951-52ல் இது திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதி. ஜெயித்தவர் தமிழ்நாட்டோடு இணையப் போராடிய நேசமணி. 1968ல் அவர் மறைந்தார். முந்தைய ஆண்டுதான் விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர், 1969 ஜனவரி இடைத்தேர்தலில் இங்கே நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971லும் அவரே.

1977ல் குமரி அனந்தன். பிறகு காங்கிரசின் டென்னிஸ், 1980 முதல் 1998 வரை ஆறு முறை. கடைசி இரண்டும் த.மா.கா.வின் (தமிழ் மாநில காங்கிரஸ்) சைக்கிள் சின்னத்தில்! சின்னம் மாறியும் ஆள் மாறவில்லை.

1999ல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன், 2004ல் மார்க்சிஸ்ட் பெல்லார்மின், 2009ல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன்.

2014ல் காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் எல்லாம் தனித்தனி. ஜெயித்த பொன். ராதாகிருஷ்ணனுக்குக் கிடைத்த சுமார் 1.28 லட்சம் வித்தியாசத்தை அதோடு சேர்த்தே படிக்கணும். 2019ல் காங்கிரசும் தி.மு.க.வும் ஒரே அணி, வசந்தகுமார் ஜெயித்தார்.