பதினான்காம் படுக்கை: ஒரு போதகரின் நாட்குறிப்பு

ஜூன் 2

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. சன்னலைத் திறந்தால் மருத்துவமனையின் பின்சுவர். நோயாளிகளைச் சந்தித்துத் தேற்றக் கற்கும் மருத்துவமனை ஊழியப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். பத்து வாரத்துக்கு இதுதான் வீடு.

சபையை உதவிப் போதகரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கியது. "நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா" என்றார். நன்றாகவே பார்த்துக்கொள்வார். அதில் எனக்கு ஏன் வலிக்க வேண்டும்?

வேதாகமம், பாட்டுப் புத்தகம், நான்கு சட்டைகள். பிரசங்கக் குறிப்பேட்டை வேண்டுமென்றே எடுத்துவரவில்லை. 19 ஆண்டு ஊழியத்தில் அது இல்லாமல் நான் எங்கும் தங்கியதில்லை.

ஜூன் 3

குழுவில் ஆறு பேர். போதகர்கள் மூவர், கத்தோலிக்க அருட்தந்தை ஒருவர், அருட்பொழிவு பெறாத சபை ஊழியர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லாரும் இன்றே 'அக்கா' என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

ஒரு பருவம் 400 மணி நேரம். அதில் 100 மணி நேரமாவது குழுவிலும் தனியாகவும் உட்கார்ந்து கற்கவேண்டும். மீதி வார்டுகளில். பயிற்றுநர் அம்மையார் பாடப்புத்தகம் எதையும் கொடுக்கவில்லை. கோடு போட்ட வெள்ளைத் தாள்களை ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்தார்.

ஜூன் 4

2.40. உறக்கம் இல்லை.

ஜூன் 6

வெர்பேட்டிம் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு, அவர் சொன்னதையும் நாம் சொன்னதையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதவேண்டும். நோயாளிக்கு 'நோ.', போதகருக்கு 'போ.': நோ. 1, போ. 1, நோ. 2, போ. 2 என்று எண் போட்டு. மௌனத்தையும் எழுதவேண்டும், அழுகையையும், நாம் கடிகாரத்தைப் பார்த்ததையும். தாளின் வலப்பக்கத்தை வெறுமையாக விடவேண்டும். குழு படித்துச் சொல்வது அங்கே ஏறும்.

1930-களில் ரஸ்ஸல் டிக்ஸ் என்ற மருத்துவமனைப் போதகர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையாம். அவருக்கும் முன்னால் ஆன்டன் பாய்சன். 1925 கோடையில் அமெரிக்காவின் ஊஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து, நோயாளிகளோடு பழகவைத்துப் பாடம் தொடங்கியவர். நோயாளிகளை 'உயிருள்ள மனித ஆவணங்கள்' என்றார். வேதவசனத்தை எவ்வளவு கவனமாக வாசிக்கிறோமோ அவ்வளவு கவனமாக அவர்களையும் வாசிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. 1920-ல் அவரே மனநோயாளியாகப் பூட்டிய வார்டில் கிடந்தவர். படுக்கையிலிருந்து எழுந்துவந்து படுக்கையில் கிடப்பவர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இதைக் கேட்டபின் மதியம் முழுதும் வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

19 ஆண்டுகளில் முதல்முறையாக ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜூன் 10

என் முதல் வெர்பேட்டிமைக் குழுவில் வாசித்தேன். பதினான்காம் படுக்கை. வயதான அம்மா.

நோ. 2: இரவெல்லாம் விழித்தே கிடக்கிறேன் ஐயா.
போ. 2: கவலைப்படாதீர்கள் அம்மா. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குகிறதுமில்லை. ஜெபிப்போமா?

அடுத்து ஜெபம். அடுத்து நான் எழுந்துவிட்டேன். மொத்தம் ஏழு நிமிடம்.

வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா, மிகத் தணிந்த குரலில்: "ஐயா, அந்த அம்மா ஏன் விழித்திருக்கிறார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே."

வசனம் சரியான வசனம். சங்கீதம் 121. சொன்ன குரலிலும் பிழையில்லை. ஆனால் தாளில் பார்க்கும்போது தெரிகிறது, நான் அந்த வசனத்தைக் கதவு சாத்துவதுபோல் சாத்தியிருக்கிறேன். அவர் வாயைத் திறந்தார், நான் வேதத்தை எடுத்து அதை மூடிவிட்டேன்.

வலப்பக்கத்தில் அக்கா சொன்ன ஒரே வரியை மட்டும் எழுதினேன்.

ஜூன் 11

பதினான்காம் படுக்கையில் வேறு ஒருவர். வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த வார்டு என்று செவிலியர் சொல்லத் தயங்கினார். தயங்குவதே முறை. நாங்கள் பயிற்சிக்கு வந்தவர்கள்தானே.

ஜூன் 12

ஏன் விழித்திருந்தார்?

ஜூன் 13

பயிற்றுநரோடு தனிச் சந்திப்பு. வாரம் ஒரு மணி நேரம். இன்று அந்த மணி நேரத்தில் ஒரே கேள்வி: "உங்களுக்கு யார் போதகர்?"

பேராயர் என்றேன். "அவர் உங்கள் மேலதிகாரி. போதகர் யார்?" என்றார்.

மனைவி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அது அவள்மேல் நான் ஏற்றிவைத்த சுமை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயா இறந்து ஒன்பது ஆண்டு ஆகிறது. அவருக்குப் பிறகு என் பாவத்தை வாய்விட்டு யாரிடமாவது சொன்னேனா? சபையில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் இருக்கிறது, நான். எனக்குத்தான் ஆள் இல்லை. இதை ஊழியத்தின் இலட்சணம் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். ஒருவித மேன்மை என்றுகூட எண்ணியிருந்தேன். கர்த்தர் மன்னிப்பாராக.

ஜூன் 14

பயிற்சி என்ற பெயரில் எனக்கு இதுவரை நடந்ததை எண்ணிப்பார்த்தேன். ஆண்டுக்கு ஒரு மூன்று நாள் கருத்தரங்கு. காலையில் வருகைப் பதிவு, தோளில் ஒரு பை, மாலையில் சான்றிதழ், கடைசியில் குழுப் புகைப்படம். சபைக் கணக்கு எழுதும் முறை, இளைஞரைக் கவரும் வழி, ஒலிபெருக்கி, திரை, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில் போதகன் என்ன செய்யவேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். அருட்பொழிவன்று கொடுத்ததை வைத்துக்கொண்டே சாகும்வரை ஒருவன் எரியவேண்டும் என்றால், திரியில் எண்ணெய் ஊற்ற யாராவது வேண்டாமா? தீமோத்தேயுவுக்குக் கிடைத்த வரத்தை 'அனல்மூட்டி எழுப்பிவிடு' என்று பவுல் எழுதவேண்டியிருந்ததே. கைவைத்து ஜெபித்தவரே எழுதுகிறார். தணல் தானாக எரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மதிய இடைவேளையில் அருட்தந்தையிடம் இதைக் கொட்டினேன். அவர்கள் பக்கத்தில் குருக்களின் உருவாக்கத்துக்கு நான்கு முகங்கள் சொல்வார்களாம்: மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி. 1992-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதிய மடலில் உள்ளது. அதில் மனித உருவாக்கம்தான் அடித்தளம், உருவாக்கம் ஒருவனின் ஆயுள் முழுதும் தொடரவேண்டும் என்கிறது. "தாளில் எல்லாம் இருக்கிறது ஐயா. ஆனால் எனக்கும் இரவில் பேச ஆளில்லை" என்றார். எங்கள் மரபும் அவர் மரபும் அந்த இடத்தில் ஒன்றாகிவிட்டன.

ஜூன் 15, ஞாயிறு

சிறிய சவப்பெட்டி. இன்றும் கண்முன்.

ஜூன் 17

மௌன நாள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பேச்சில்லை. தியானத்துக்கு ஒரே பகுதி: 1 இராஜாக்கள் 19, எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடும் அதிகாரம்.

எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! எப்போதும் பாய்ந்து ஓரேப் மலைக்குப் போய்விடுவேன். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அமர்ந்த மெல்லிய சத்தம். மூன்று தலைப்பு, ஒரு முடிவுரை. சூரைச்செடியின் கீழே நான் நின்றதே இல்லை. எலியா 'போதும் கர்த்தாவே' என்கிறான். சாகவேண்டும் என்கிறான். தூதன் வந்து அதற்குப் பதில் சொல்லவில்லை. வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பி 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். மறுபடியும்! கண்டிப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் அப்பம், தண்ணீர். கேள்வி அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்தபின், குகையில்தான் வருகிறது.

முதலில் உறங்கவிட்டார்.

இதைப் பிரசங்கத்துக்குக் குறித்துக்கொள்ளலாம் என்று கை பேனாவைத் தேடியது. நிறுத்தினேன். எனக்காக மட்டும் வேதத்தைத் திறந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. திறந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காக.

ஜூன் 18

நான்கு மணி நேரம் உறங்கினேன்.

ஜூன் 21

நூலக அறையில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற பழைய ஆங்கிலேயப் போதகரின் நூல். 1655 டிசம்பரில் இங்கிலாந்தின் ஊஸ்டரில் போதகர்கள் கூடித் தங்களைத் தாழ்த்தி ஜெபித்த நாளில் அவர் பேசவேண்டியிருந்தது. நோய் விடவில்லை. பேச வைத்திருந்ததை விரித்து அடுத்த ஆண்டு நூலாக்கினார். எடுத்துக்கொண்ட வசனம் அப்போஸ்தலர் 20:28. வரிசையைப் பாருங்கள்: முதலில் 'உங்களைக்குறித்தும்', அதன்பின்தான் மந்தை.

ஊஸ்டர் என்ற பெயரில் இரண்டு ஊர், இரண்டிலும் ஒரு நோயாளி. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவும் அப்படித்தான். 1521-ல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது. மாதக்கணக்கில் படுக்கை. எந்த நினைவு வந்துபோனால் மனம் வறண்டுபோகிறது, எந்த நினைவு போனபின்னும் மகிழ்ச்சி தங்குகிறது என்று அங்கே கிடந்துதான் கவனிக்கத் தொடங்கினார். அவர் எழுதிய 'ஆன்மப் பயிற்சிகள்' நூலின் வேர் அந்தக் கட்டிலில் இருக்கிறது. எங்கள் சபையில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. அருட்தந்தை சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். இரவில் நாளைத் திருப்பிப் பார்க்கும் ஜெபத்தை அவரிடமே கற்றுக்கொள்கிறேன். கால்மணி நேரம். இன்று எங்கே தேவன் அருகில் இருந்தார், எங்கே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாம் கேள்விக்கு ஒரே பதில்தான் வருகிறது. பதினான்கு.

ஜூன் 24

அக்காவின் வெர்பேட்டிம். இளைஞன் ஒருவன், கால் எடுத்துவிட்டார்கள். நாற்பது நிமிடத்தில் அக்கா பேசியது மொத்தம் ஒன்பது வரி. அதில் நான்கு வரி 'ம்'. ஐந்தாவது: 'எந்தக் காலால் பந்தை உதைப்பாய் தம்பி?' அந்த இடத்தில்தான் அவன் அழுதிருக்கிறான்.

இறையியல் கல்லூரிப் பட்டம் இல்லாதவர். திருவிருந்து கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. வாசித்துவிட்டு "நான் சரியாக ஒன்றும் சொல்லவில்லை, ஐயாமார் மன்னிக்கவேண்டும்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. எங்கள் சபையிலும் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள். ஆராதனைக்கு நாற்காலி போடவும், பாடம் வாசிக்கவும் மட்டும் அவர்களை வைத்திருக்கிறேன்.

ஜூன் 26

மனைவியோடு தொலைபேசியில் பேசினேன். "குரல் மாறியிருக்கிறது" என்றாள். எப்படி என்று கேட்டேன். "ஆராதனைக் குரல் இல்லை."

ஜூன் 28

பயிற்றுநரிடம் சிறிய பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முழுவதும். தோளில் தூக்கியபோது கனமே இல்லாமல் இருந்ததை. அந்தத் தகப்பன் என் முகத்தைப் பார்த்ததை. நான் சொன்ன வசனத்தை. அன்றும் அதே சங்கீதம்தான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம். அந்த மௌனத்தில் நான் எந்தக் குறையும் உணரவில்லை. முன்பு யாராவது இப்படி என் எதிரில் சும்மா இருந்தார்களா என்று நினைவில்லை.

ஜூன் 30

பவுல் கடைசி நிருபத்தில் மேலங்கியைக் கேட்கிறார். புஸ்தகங்களைக் கேட்கிறார், விசேஷமாய்த் தோற்சுருள்களை. சிறையில், மரணம் நெருங்கியிருக்கிறது என்று அவரே எழுதிய அதிகாரத்தில். இன்னும் வாசிக்க விரும்பியிருக்கிறார்.

ஜூலை 2

மூன்றாம் மாடி வார்டில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். ஆறாம் படுக்கை. அவர்தான்.

முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. நாளை வரலாமா என்று கேட்டேன். "வாருங்கள், நான் எங்கே போகப்போகிறேன்" என்றார்.

ஜூலை 3

போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். இப்போது எழுத முடியவில்லை. நான்கு முறை உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 5

அவரிடம் கேட்டேன். "எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, என் பேர் மட்டும் வேண்டாம்" என்றார். பெயர் இல்லை. அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். சொற்கள் அவருடையவை.

நோ. 1: அன்றைக்கு ஜெபித்துவிட்டுப் போனீர்களே, அந்த ஐயாவா?
போ. 1: ஆமாம் அம்மா. இரவெல்லாம் விழித்திருப்பதாகச் சொன்னீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.
நோ. 2: (போர்வையின் நுனியை விரலில் சுற்றுகிறார்.) யாருமே கேட்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள்.
போ. 2: (மௌனம்.)
நோ. 3: பக்கத்தில்தான் படுத்திருந்தேன். விடிந்ததும் எழுப்பினேன். கை சில்லென்று இருந்தது.
போ. 3: உங்கள் கணவர்.
நோ. 4: எப்போது போனார் என்றே எனக்குத் தெரியாது ஐயா. நான் தூங்கிவிட்டேன். பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.
போ. 4: (மௌனம். நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.)
நோ. 5: நீங்கள் சொன்ன சங்கீதம் எனக்கும் மனப்பாடம்தான். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்தது.
போ. 5: ம்.
நோ. 6: அன்று இரவும் அவர் விழித்துத்தானே இருந்திருப்பார்?
போ. 6: