ஆர்சி10: தங்க நிறத்துக்காக

மார்ச் 3
ஆர்சி10 ரிமோட் பந்தயக் காரின் டப் சேசிஸை, அதாவது பக்கச் சுவர்களோடு மடித்த அலுமினிய அடிச்சட்டத்தை, தனியாகப் பிரித்தாயிற்று. பக்கச் சுவர்களில் 1984-இன் தங்க நிறம் அப்படியே இருக்கிறது. அடிப்பக்கம் மண்ணில் தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிகிறது. நிறம் மங்கியது மட்டும் என்றால் தொடவே கூடாது, பழைய தங்கம் திரும்ப வராது. இது அப்படியில்லை. இந்த நிறம் அனோடைசிங், அதில் ஒட்டுப்போடவும் முடியாது. அது மேலே பூசிய பெயின்ட் அல்ல, அலுமினியமே ஆக்சைடாக மாறிய படலம். உரித்தால் முழுசாக உரிக்க வேண்டும்.

மார்ச் 5
காரின் முன்முனையில் வரும் மூக்குத் தகடு டப்பின் நிறத்தோடு சேருமா?

மார்ச் 6
பழைய படலத்தை உரிக்க: லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா, 50 டிகிரி சூடு, பிளாஸ்டிக் தொட்டி, திறந்த வெளி. கிளம்புவது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பே கூடாது. படலம் இருக்கும்வரை நுரை வராது, உலோகம் தட்டியதும் பொங்கும். சிக்கலே இங்கேதான்: அடிப்பக்கம் ஏற்கெனவே வெற்று உலோகம் என்பதால் முதல் நொடியிலிருந்தே அரிபடும். பக்கச் சுவரில் நுரை வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், வந்ததும் தூக்கிவிட வேண்டும். கூடுதலாக ஊறினால் திருகு ஓட்டைகள் பெரிதாகும், அடியில் அச்சடித்த எழுத்து மழுங்கும். கழுவியதும் கறுப்புப் படிவு நிற்கும். அலுமினியத்தோடு கலந்த மற்ற உலோகங்கள் கரையாமல் தங்குவது அது. நைட்ரிக் ஆசிட்டில் முக்கினால் போய்விடும்.

மார்ச் 8
வாட்டர் பேப்பர், 400, பிறகு 600. கடைசியில் சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் தேய்ப்பு நார், நீளவாக்கில் மட்டும். சுவர் மடியும் மூலையில் குறுக்குக் கீறல் ஒன்று மிஞ்சுகிறது. அனோடைசிங் கீறலை மறைக்காது, எடுத்துக் காட்டும். நாளையும் இந்த மூலைதான்.

மார்ச் 11
இன்று அனோடைசிங், அமிலத் தொட்டியில் கரன்ட் விட்டுப் புதுப் படலம் வளர்ப்பது. கந்தக அமிலம் லிட்டருக்கு 180 கிராம். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். தொட்டி 20 டிகிரி. சதுர டெசிமீட்டருக்கு 1.3 ஆம்பியர், டப்பின் உள்ளும் வெளியும் சேர்த்து சுமார் 8 சதுர டெசிமீட்டர், ஆக 10 ஆம்பியருக்குச் சற்று மேல். 10 மைக்ரானுக்கு 24 நிமிடம். தொங்கவிடும் கம்பி அலுமினியம் அல்லது டைட்டானியம், இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கம்பிக்கும் டப்புக்கும் நடுவே படலம் வளர்ந்து கரன்ட் விழுந்துவிடும். மூக்குத் தகடும் இதே தொட்டியில், இதே நேரத்தில். படலத்தின் தடிமன் மாறினால் நிறமும் மாறும்.

வெளியே எடுத்தபின் விரல் படக்கூடாது. ரேகை சாயத்தில் தெரியும்.

மார்ச் 11, இரவு
தங்க நிறச் சாயத்துக்கு ஃபெரிக் அம்மோனியம் ஆக்சலேட், லிட்டருக்கு 15 கிராம், 50 டிகிரி. இது படலத்தின் நுண்துளைகளுக்குள் இரும்பு ஆக்சைடாகப் படிவதால் ஆர்கானிக் சாயம்போல வெயிலில் வெளுக்காது. கரைசலுக்குத்தான் வெளிச்சம் ஆகாது, கறுப்பு பாட்டிலில் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் வைக்கோல் மஞ்சள். மூன்றில் தங்கம். அதற்கு மேல் விட்டால் வெண்கலச் சாயல் ஏறுகிறது. தகட்டை டப்போடு ஒன்றாக எடுத்தேன்.

துளைகளை மூடும் சீல்: கொதிக்கும் டிஸ்டில்டு வாட்டர், 30 நிமிடம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் சிலிகேட் சீலைக் கெடுக்கும்.

மார்ச் 12
சேர்ந்துவிட்டது! ஜன்னல் வெளிச்சத்தில், டியூப் லைட்டில், இரண்டிலும் ஒரே தங்கம்.

மார்ச் 13
ஷாக் பாடிகள் (அதிர்வு தாங்கிகளின் உடல்கள்) கடைந்து எடுத்தவை, தகட்டு அலுமினியத்தின் கலவை அல்ல. இதே மூன்று நிமிடம் அவற்றுக்குச் சரிவராது. முதலில் ஒன்றை மட்டும் முயன்று பார்க்க வேண்டும்.