தோளிலும் நுரையீரல் இருக்கிறது

அக்குபஞ்சர் வகுப்பில் நாங்கள் எல்லோரும் பயந்தது வயிற்றுக்குத்தான். தொப்புளைச் சுற்றி ஊசி என்றதும், படுத்திருந்தவரோடு ஊசி பிடித்தவரும் நெளிந்தார். முதுகுக்கு வந்தபோது ஒருவர் கையும் நடுங்கவில்லை. ‘வயிறு கிணறுபோல் ஆழம், முதுகு அப்பம்போல் மெல்லிசு’ என்று சீன வைத்தியர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு. அதை நான் கேள்விப்பட்டது தாமதமாக.

எனக்குப் பாடம் சொன்னது ஜிபி 21 என்ற அக்குபஞ்சர் புள்ளி. கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, பை மாட்டுகிற இடம். பயிற்சியில் ஒரு நண்பர் என் வலத்தோளில் 40 மில்லிமீட்டர் ஊசியை நேர் கீழாக இறக்கினார். அப்போது என் எடை 48 கிலோ. குத்தும்போது ஒன்றும் தெரியவில்லை. மாலையில் பஸ் படி ஏறுகையில் மூச்சை இழுத்தால் சுருக்கென்றது, கூடவே வறட்டு இருமல். வாயுப்பிடிப்பு என்று நானே முடிவுகட்டி, பூண்டுப்பால் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரலின் உச்சியில் ஒரு விரற்கடை வெறும் கறுப்பு. ஓட்டை வழியே கசிந்த காற்று நுரையீரலை அமுக்கியிருந்தது. சிறியது என்பதால் குழாய் போடாமலே ஆறியது.

நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கு மேலே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஏறி நிற்கும். படித்திருந்தோம்; ஆனால் தோளையும் அந்தப் படத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டி 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆழத்திலேயே நுரையீரல் வந்துவிடலாம்.

நெஞ்செலும்பு இன்னும் வஞ்சகமானது. சிலருக்கு அதில் பிறவியிலேயே ஒரு துளை இருக்கும், கிட்டத்தட்ட நெஞ்சின் நடுவிலுள்ள சிவி 17 என்ற புள்ளியின் மட்டத்தில். எலும்பு தட்டியதும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நம்பிப் போகிற ஊசிக்கு அங்கே எலும்பே இல்லை; அடியில் இதயம். நார்வேயில் ஒரு பெண் இப்படி இறந்தது 1995-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அங்கே நான் தோலை ஒட்டிப் படுக்கவைத்தே செலுத்துகிறேன்.

போன வாரம் ஒரு தையல்காரர் வந்தார், என்னைவிட ஒல்லி. தோள்சதையை இரு விரலால் கிள்ளித் தூக்கி, தூக்கிய சதைக்குள் மட்டும் 25 மில்லிமீட்டர் ஊசியைக் கிடையாகச் செலுத்தினேன்.

“முன்னால் பார்த்தவர் நேராகத்தான் குத்துவார் சார்,” என்றார்.

“இரவில் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அண்ணே, ஊசி போட்டதைச் சொல்லுங்கள். பூண்டுப்பால் மட்டும் வேண்டாம்,” என்றேன்.