திருகோணமலையில் காருக்குள் ஓர் இரவு

காருக்குள் படுத்தால் பொலிஸ் பிடிக்குமா? வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை தாண்டும்வரை மச்சான் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தான். ஓகஸ்ட் மாதம், திருகோணமலை உப்புவெளியில் அறை வாடகை எங்கள் கைக்கு எட்டாத உயரம். காரில்தான் படுப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

வாகனத்தில் தங்குவதைப் பெயர் சொல்லித் தொடும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது: 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம். சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் வண்டியில் தங்குபவர், பிழைப்புக்கு வழி இல்லாதவர், தான் யார், ஏன் அங்கே நிற்கிறார் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்: இவ்வளவும் சேர்ந்தவரையே அது குறிவைக்கிறது. சொந்தக் காரில் அடையாள அட்டையோடு படுத்திருப்பவர் அதற்குள் அகப்பட மாட்டார். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வண்டி நிற்கும் இடமும் விதமும்தான் முக்கியம்.

திருகோணமலையில் சிக்கலே அந்த இடம்தான். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் போகிறது, கோட்டைக்குள் இராணுவம். துறைமுகப் பக்கம் கடற்படை, மார்பிள் பீச்சில் விமானப்படை. இவை ஒன்றுமே இரவில் வண்டி விட்டுப் படுக்கிற இடங்கள் அல்ல.

நாங்கள் கடற்கரை வீதியோரம் நிறுத்தினோம். கண் அயரும் நேரம் கண்ணாடியில் ஒரு பொலிஸ்காரரின் டோர்ச் வெளிச்சம்.

"எங்கயிருந்து வாறீங்க தம்பி? ஆரிட வாகனம்?"

சொன்னோம். அட்டையையும் வாகனப் புத்தகத்தையும் பார்த்தார். அந்த 1841 சட்டம் கேட்கும் அதே கேள்விகள்! "இதில இருட்டு. பெற்றோல் செட்டில கேட்டுட்டு வெளிச்சத்தில விடுங்க" என்றார். அதட்டல் இல்லை. செட்டில் இரவு வேலைக்கு நின்ற ஐயாவும் தலையாட்டினார். தனியார் காணியில் அந்தத் தலையாட்டல்தான் அனுமதி.

சட்டத்தைவிட வெக்கை கொடுமை. ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டு மட்டும் தூங்காதீர்கள். எஞ்சின் புகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நாங்கள் ஜன்னலைப் பாதி இறக்கி, நுளம்பு வலைத் துண்டைக் கதவிடுக்கில் செருகிக்கொண்டோம்.

பக்கத்தில் அட்டனிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றி வந்த வான். ஆட்கள் லொட்ஜில், சாரதி அண்ணன் சீட்டைச் சாய்த்து, காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, துவாயால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். பாவம், நுளம்பு அவரைத் தூங்க விடவில்லை. விடியப்புறம் பிளேன்டீ குடிக்கும்போது சொன்னார்: "சட்டம் ஒண்ணும் செய்யாது தம்பி. தூக்கம்தான் பயம்." அன்றைக்கே அவர் திரும்ப ஓட வேண்டும். கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரை யானை குறுக்கிடும் வீதி, அதற்குப் பிறகு மலை வளைவுகள். வான் பேசும்போதே சாரதியின் படுக்கைக் காசையும் சேர்த்துப் பேசுங்கள். லொட்ஜில் அறை எடுக்கும்போது அவருக்கும் ஒரு கட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முற்பணம் கொடுங்கள்.