பாய்மர உச்சியில் எரியாத நெருப்பு

மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இரவு வாட்ச் பார்த்தவர்களிடம் ‘சுமத்ரா’ என்று சொல்லுங்கள், தீவு நினைவுக்கு வராது. அந்தப் பக்கமிருந்து பெரும்பாலும் விடியலுக்கு முன் பாய்ந்து வரும் இடிமழைக்கும் அதே பெயர்தான். ராடாரில் நீளமான கறையாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தலைமேல் நிற்கும்.

அப்போது நான் நாஃப்தா (எளிதில் தீப்பற்றும் பெட்ரோலிய திரவம்) ஏற்றிய டேங்கரில் செகண்ட் ஆபீசர். நள்ளிரவு 12லிருந்து 4 வரை என் வாட்ச். லுக்அவுட்டுக்கு, அதாவது கடலைக் கண்காணிக்க, ஒரு பிலிப்பினோ மாலுமி, என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் என்னை ‘செகண்ட்’ என்பார், நான் அவரை ‘குயா’ என்பேன். அவர்கள் மொழியில் அண்ணன்.

மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வி.எச்.எஃப். ரேடியோவில் எண்ணெய் பொரிவதுபோல் ஓர் இரைச்சல். குயா ஜன்னலை ஒட்டி நின்றவர் சட்டென்று சிலுவைக்குறி போட்டார். கப்பலின் முன்கம்பமான ஃபோர்மாஸ்ட் உச்சியில் ஊதா கலந்த நீலத்தில் ஒரு சுடர். அவ்வளவு காற்றிலும் அது ஆடவில்லை, மழையில் அணையவில்லை. “சான்டெல்மோ” என்றார், குரலே வராமல்.

கல்லூரியில் படித்திருந்தேன்: புனித எல்மோவின் நெருப்பு. ஆனால் நான் படித்ததில் அது நல்ல சகுனம். எல்மோ என்பது எராஸ்மஸ் என்ற பெயரின் திரிபு. இத்தாலியின் ஃபோர்மியாவில் ஆயராக இருந்து, ஏறத்தாழ 303இல் கொல்லப்பட்டவர் என்பார்கள். மத்தியதரைக் கடல் மாலுமிகளுக்குக் காவல் புனிதர். புயல் நடுவே அவர் விளக்கேற்றினால் பிழைத்தோம் என்று அர்த்தம். 1519இல் கடலோடி மெகல்லனோடு கிளம்பி, அந்தப் பயணத்தைக் குறித்துவைத்த பிகாஃபெட்டா, இருண்ட புயலிரவு ஒன்றில் இந்த ஒளி பாய்மர உச்சியில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றதையும், அதுவே தங்களுக்கு ஆறுதலாக இருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார்.

குயாவின் சான்டெல்மோ வேறு. கடலில் செத்து, கரைசேராத ஆவி. நெருப்புப் பந்தாக அலைந்து ஆளை வழிதப்ப வைக்கும். ஸ்பானியர்கள் கொண்டுபோன புனிதரின் பெயர் அவர் நாட்டுக் கரையில் இறங்கிப் பேயாகிவிட்டது! அலையும் அந்தப் பந்து வேறு ஏதோ ஒன்றாக இருக்கலாம். எல்மோ நெருப்பு அலையாது, முனையை விட்டு நகராது. அந்த நேரத்தில் இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

சரி, என்னதான் நடக்கிறது? தெளிந்த வானிலையில் தரைக்கு அருகே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் மின்புலம் எப்போதும் உண்டு. இடிமேகத்தின் கீழ் அது பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். காற்று உடைந்து மின்பொறி பாய மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். மேகத்துக்குக் கீழே வெட்டவெளியில் அவ்வளவு இல்லை. ஆனால் கூர்மையான முனையில் மின்புலம் குவிந்து பலமடங்காகிறது. அந்த இத்துனூண்டு இடத்தில் மட்டும் காற்றின் மூலக்கூறுகள் எலக்ட்ரானை இழந்து அயனியாகின்றன. கிளர்ந்த நைட்ரஜன் நீலமும் ஊதாவுமாக ஒளிர்கிறது. இதற்குக் கொரோனா மின்னிறக்கம் என்று பெயர். (வைரஸ் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வைத்த பெயர்.) எதுவும் எரிவதில்லை, அதனால் மழைக்கு அணைய வேண்டிய அவசியமும் இல்லை.

மின்னேற்றம் மேகத்திலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 1982இல் ஜாவாவுக்குத் தெற்கே பறந்த போயிங் 747 ஒன்றின் முகப்புக் கண்ணாடியில் இதே ஒளி தெரிந்தது. கலுங்குங் எரிமலையின் சாம்பல் உரசியதால் வந்தது. வானிலை ராடாரில் மேகமே இல்லை. சற்று நேரத்தில் நான்கு எஞ்சின்களும் நின்றன. பிறகு உயிர்பெற்று ஜகார்த்தாவில் இறங்கியது தனிக்கதை.

அன்று நான் செய்தது என்ன தெரியுமா? போனை எடுத்துக்கொண்டு பிரிட்ஜ் விங், அதாவது கப்பலோட்டும் அறையின் பக்கவாட்டு மேடைக் கதவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து கேப்டன் படியேறி வந்தார். சுடரை ஒரு பார்வை பார்த்தார், வியக்கவெல்லாம் இல்லை. “டெக்கில் யாராவது இருக்கிறார்களா? மாஸ்ட் ரைசர் வால்வு மூடியிருக்கிறதா?” எங்கள் கப்பலில் அந்தக் கம்பம் சரக்கின் ஆவியை வெளியேற்றும் குழாயான மாஸ்ட் ரைசரையும் தாங்கி நின்றது. இடிமழை நெருங்கினால் ஆவி ஒரு துளி வெளியே போகக்கூடாது. அதன் உச்சியில் மின்னேற்றம் பூத்து நிற்க, நான் படமெடுக்கப் போயிருக்கிறேன். நல்லவேளை, வால்வு மூடித்தான் இருந்தது. நான் வாட்ச் ஏற்கும்போதே பார்த்திருந்தேன், ஆனால் கேட்டவுடன் பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் போனில் எடுத்த படத்தைப் பார்த்தால் முழுக்கக் கறுப்பு.

சுடர் பத்து நிமிடம்கூட இல்லை. அது மறைந்த கையோடு மழையும் ஓய்ந்தது. இடிமழையின் கடைசிக் கட்டத்தில்தான் இது அதிகம் தெரியும் என்பார்கள். பழைய மாலுமிகள் நல்ல சகுனம் என்று நம்பியதற்கு இந்த அனுபவமே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரோமானியர் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். ஒற்றைச் சுடர் புராணத்து ஹெலன், அழிவு. இரட்டைச் சுடர் அவள் சகோதரர்கள் காஸ்டரும் போலக்ஸும், காப்பு. ரோமானிய எழுத்தாளர் பிளினி இதை எழுதியிருக்கிறார்.

லாக் புக்கை எடுத்தேன். “அந்தப் பேரை எழுதாதீங்க செகண்ட்” என்றார் குயா. எழுதினேன், நேரத்தோடு. 4 மணிக்கு வாட்ச் ஏற்க வந்தார் சீஃப் ஆபீசர். எதையும் எண்ணில் கேட்பவர், சகுனம் கிகுனம் என்றால் சிரிப்பவர். பதிவைப் படித்துவிட்டுக் காபியைக் கீழே வைத்தார்.

“ஒண்ணா, ரெண்டா?”