நாலாயிரத்தில் ஒரு வெட்டு

அப்பாவின் மாருதி 800-இல் டர்போ வைத்தேன். குளிரில் வண்டியைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழ் இப்போது அதில் கிடையாது. அந்த இடத்தில் பெட்ரோல் பம்புக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. வேலை முடிந்து முதல் நாள் சீட்டில் உட்கார்ந்ததும் அவர் கை நேராக அங்கேதான் போனது. "சோக்கை எங்க சாமி காணோம்?" என்றார். 1996 மாடல் வண்டி, 2003-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மார்கழிக் காலையில் அந்தக் குமிழை எத்தனை தரம் இழுத்திருப்பார்!

796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். சின்ன இன்ஜின்தான். ஆனால் எங்கள் கோயம்புத்தூரில் ரேஸ் கார் ஓட்டி, கட்டியும் பேர் வாங்கிய கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டியது இதே 800 இன்ஜினை வைத்துத்தான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த இன்ஜின்மேல் தனி மரியாதை உண்டு.

டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி, வைக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் டர்போவைப் பற்றித்தான் கேட்டார்கள். உண்மையில் அது சுலபமான பகுதி. ஜப்பான் ஜிம்னியின் 660 சிசி இன்ஜினுக்கு வரும் சின்ன ஐஹெச்ஐ டர்போ கிடைத்தது. அதை மாட்டப் புகை போகும் மேனிஃபோல்டை வெல்டிங் செய்தோம், ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ போட்டு ஆயில் எடுத்தோம், அது இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குத் திரும்ப ஒரு குழாய் வைத்தோம். இந்தத் திரும்பும் குழாய் பெரியதாக, சரிவாக, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் டர்போவில் ஆயில் தேங்கிப் புகை கக்கும்.

கஷ்டம் பெட்ரோலிலும் ஸ்பார்க்கிலும்தான். காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், கணக்குப் போடாமலே கணக்குப் போடும் பொருள். காற்று குறுகலான கழுத்து வழியாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ காற்றைத் தள்ள ஆரம்பித்தால் இந்த ஏற்பாடு குழம்பிவிடும். அதனால் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். பின்னால் வந்த இன்ஜெக்‌ஷன் மாடலான எம்பிஎஃப்ஐ 800-இன் டேங்க்கும் பம்பும் புதுப்பேட்டையில் கிடைத்தன. 3 பார் அழுத்தம் தாங்கும் புது ஹோஸ், நிமிடத்துக்கு 240 சிசி ஊற்றும் மூன்று இன்ஜெக்டர், மூளைக்கு, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் ஸ்பீடுயினோ போர்டு. சாவியைப் போட்டதும் லேப்டாப்பில், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் அழுத்தம் 96 கிலோபாஸ்கல் என்று வந்தது. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஊருக்கு அதுதான் சரியான எண். அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பயத்தை ஒரு பல் சக்கரம் வைத்திருந்தது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று போர்டுக்குத் தெரிய வேண்டும். அதற்கு, பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியில் மாட்ட, 36 பல் கணக்கில் வெட்டி, ஒன்றை மட்டும் எடுத்துவிட்ட சக்கரம். பல்லுக்குப் பல் 10 டிகிரி. அந்த ஒரு இடைவெளி சென்சாரைக் கடக்கும்போதுதான் போர்டு எண்ணிக்கையை மறுபடி தொடங்கும். ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவுக்குள் தானாக ஸ்பார்க்கை முன்தள்ளும் எடைகளைப் பூட்டிவிட்டேன். இனி டைமிங் முழுக்க இந்தச் சக்கரத்தின் கையில்.

வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐடிலில் அழகாக நின்றது. வாசலில் வைத்தே ஆக்சிலரேட்டரை ஏற்றினேன். எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது. அப்பா மட்டும் தலையை ஆட்டினார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். "நாலாயிரத்துல ஒரு வெட்டு வெட்டுது பாரு" என்றார். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் அவர் கண்ணில் படவே இல்லை. பதிவை எடுத்துப் பார்த்தால் 4,100-இல் போர்டு பல் எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கிறது.

வயர், எர்த், சென்சார் என்று பத்து நாள் தேடினேன். கடைசியில் சின்ன ஆட்டத்தையும் அளந்து காட்டும் டயல் கேஜ் வைத்துப் புல்லியைக் கையால் சுற்றினால் முள் 0.6 மில்லிமீட்டர் ஆடியது. லேத்தில் நடு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார்கள். சக்கரம் ஒரு பக்கமாக உட்கார்ந்து, சென்சாரை ஒரு சுற்றில் நெருங்குகிறது, விலகுகிறது. சென்சார் இடைவெளியே ஒரு மில்லிமீட்டர்தான், அதில் 0.6 ஆடினால் என்ன மிஞ்சும்? வேறொரு பட்டறையில் புல்லியிலேயே ஒரு படி கடைந்து, சக்கரம் அதில் இறுக்கமாக உட்காரும்படி செய்தோம். முள் அசையவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றுவதை அனுமதிக்காது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. லாரியில் ஏற்றித்தான் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டு போனோம்.

பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் தள்ளும் அழுத்தம், 0.4 பார், அதற்கு மேல் போகவில்லை. பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5, ஸ்பார்க் டைமிங் ஆறு டிகிரி பின்னால். நேர்ப்பாதையில் மூன்றாவது கியரில் மிதித்தபோது ஒரு விசில் எழுந்து, அதன் பின்னாலேயே வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளியது. நாலாயிரம் தாண்டியது. ஐயாயிரம்.

மூன்று சுற்று முடித்து உள்ளே வந்தேன். சாவியில் கை வைத்ததும் ஜன்னல் வழியாக அப்பாவின் கை வந்து தடுத்தது.

"உடனே ஆஃப் பண்ணாத சாமி. டர்போ சூடா இருக்கும், ஆயில் உள்ளயே கருகிப்போயிரும். பஸ்ஸுல நாங்க அப்படித்தான், ஒரு ரெண்டு நிமிசம் ஓடட்டும்."

இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. வண்டி 850 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கதவில் கை ஊன்றியபடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.